ஏரி காத்த ஊரார்

தொண்டை மண்டலத்தில் பயிர்த்தொழிலுக்கு உயிராய் நின்றது ஏரி. அது ஒருவர் தனித்து வெட்டிக் காக்கத்தக்க கிணறு அன்று. கரை ஓரிடத்தில் உடைந்தால் ஊர் முழுவதற்கும் நஷ்டம். மதகு தூர்ந்தால் கடைமடைக்கு நீர் இல்லை. ஆகவே அதைக் காக்கும் பொறுப்பை ஊரார் பகிர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை நேயர்கள் அறிவார்கள். குடவோலையைப் பற்றி நாம் பெருமிதத்துடன் பேசுகிறோம். அவ்வோலையால் தேர்ந்தவர்கள் செய்த வேலை யாது என்று கேட்போர் குறைவு. அவர்களுள் அறுவர் ஏரி வாரியத்தார். 360 நாட்கள் அவர்கள் பணி. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்லர், அவருடைய நெருங்கிய உறவினரும் பின்னர்க் குடத்தில் பெயரிடத் தகுதியற்றவராயினர். இந்த ஒரு விதியே குடவோலையினும் வியக்கத்தக்கது என்பது நம் கருத்து. பல ஊர்களில் 'ஏரிப்பட்டி' என்று நிலம் ஒதுக்கி, அதன் வருவாயைக் கொண்டு ஏரியைப் பேணினர்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. 921 ஆம் ஆண்டு விதிப்படி, கால்வேலிக்கு அதிகமான இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உடையவர்க்கே குடத்தில் இடம். கூடையில் மண் சுமந்தவர்க்கு ஓலை இல்லை. பிற்காலத்திலும் வெள்ள இரவில் மதகைத் திறக்கச் சென்ற நீர்க்கட்டிகள், பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட வகுப்பினரே. களத்தில் அளக்கப்பட்ட நெல்லே அவர்களுக்குக் கூலி. ஊர்க்கூட்டத்தில் அவர்கள் சொல் ஏறவில்லை.

மழைக்கு முன் குடிகள் கூடி வாய்க்காலைத் தூர்வாரும் வழக்கமே குடிமராமத்து. 1858 ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம், வழக்கப்படி ஆள் அனுப்பத் தவறியவரிடம் அவ்வுழைப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு தண்டம் பெற வகைசெய்தது. தானே நடந்துவந்த வழக்கத்திற்குத் தண்டம் எதற்கு? வழக்கம் தளர்ந்துவிட்டது என்பதற்கு இச்சட்டமே சான்று எனலாம். ரயத்துவாரி முறையில் அரசு ஊரை நோக்காமல் ஒவ்வொரு குடியானவரையும் தனித்தனியே நோக்கிற்று. பெரிய ஏரிகளின் மராமத்து இலாகாவின் கைக்குப் போயிற்று. பின்னர் வந்த பம்பு செட்டோ, வசதியுள்ளவர்க்கு ஏரியின் தயவே வேண்டாம் என்று ஆக்கிவிட்டது. அவர்கள் விலகியபின் கரையில் நின்றவர்கள் ஏழைகள் மட்டுமே. 2017 ஆம் ஆண்டு தமிழக அரசு அப்பழம்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று.

வடநாட்டில் வாழும் நாம் இவ்வழக்கத்தை நம் ஊருக்கே உரியதென்று எண்ண வேண்டியதில்லை. கயைக்குப் பிதிர்க்கடன் ஆற்றச் செல்வோர், அந்த வட்டாரத்து வயல்வெளிகளில் மூன்று புறம் கரை கட்டிய நீர்நிலைகளைக் காணலாம். அவற்றை 'ஆகர்' என்பர்; ஆற்றிலிருந்து நீர் கொணரும் கால்வாய் 'பைன்'. ஊரார் ஒன்றுகூடி இவற்றைச் செப்பனிடும் மரபுக்குக் 'கோஆம்' என்று பெயர். பெரிய பைன் பல ஊர்களைக் கடந்து செல்லும். கடைசி ஊருக்கு நீர் சேர வேண்டுமானால் முதல் ஊராரும் மண்வெட்டி எடுக்க வேண்டும்.