காரியாலயத்து லேசர் பிரிண்டரின் மறுவாழ்வு

காரியாலயங்களில் பல வருஷம் உழைத்து ஒதுக்கப்பட்ட லேசர் பிரிண்டரைச் சொற்ப விலைக்கு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்று சர்வ சாதாரணமாகிவிட்டது. இதற்குச் சிக்கனம் ஒரு காரணமேயாயினும், 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானியக் கானன் கம்பெனியார் செய்த ஒரு தீர்மானமே மூல காரணம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

1938 அக்டோபர் 22 அன்று, நியூயார்க்கைச் சேர்ந்த அஸ்டோரியாவில், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டின்மீது பொடி தூவி, செஸ்டர் கார்ல்சன் மெழுகுத்தாளில் உலர்ந்த எழுத்தை எடுத்துக்காட்டியதே இவ்வச்சு முறையின் ஆதி. அதிலிருந்து பிறந்த நகல் யந்திரத்தின் உருளையில் லேசர் கதிரைக்கொண்டே எழுதலாம் என்ற எண்ணத்தை, மேலதிகாரிகள் ஆதரிக்காதபோதும் கைவிடாத ஜெராக்ஸ் பொறியாளர் கேரி ஸ்டார்க்வெதர், 1971-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்துக்கு மாறிச்சென்று அதைச் சாதித்தார். 1977-இல் வெளிவந்த ஜெராக்ஸ் 9700 நிமிஷத்துக்கு 120 பக்கம் அச்சிட்டது. எனினும் அது பெரிய ஸ்தாபனங்களுக்கே உரியதாயிருந்தது.

கானன் கம்பெனியாரோ, 1982-இல் வெளியிட்ட சிறு நகல் யந்திரங்களில், எளிதில் தேயும் டிரம் என்னும் அவ்வுருளையையும் டோனர் பொடியையும் ஒரே கார்ட்ரிட்ஜுக்குள் அடக்கி, பொடி தீர்ந்ததும் உபயோகிப்பவரே அதனைக் கழற்றி மாற்றும்படி அமைத்தனர். இதே கார்ட்ரிட்ஜ் முறையிலமைந்த அவர்களுடைய அச்சு எஞ்சினைக் கொண்டே 1984-இல் எச்.பி. லேசர்ஜெட் 3,495 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. கார்ட்ரிட்ஜ் மாறுந்தோறும் டிரம்மும் புதிதாகிவிடுவதால், முதல் எஜமானர் கைவிட்ட பின்னும் யந்திரம் ஜீவித்திருக்க வழி பிறந்தது.

சென்னை ரிச்சி தெருவில் இதன் பலனைக் கண்கூடாகக் காணலாம். 2,000 பக்கத்துக்கென்று செய்யப்பட்ட எச்.பி. 12ஏ கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டு ஊசிகளைக் கழற்றி, கழிவுப் பொடியைத் தட்டிக் கொட்டி, பிளேடைத் துடைத்து, புதுப்பொடியை நிரப்பி, டிரம்மில் அதிக வெளிச்சம் படுமுன் மூடிவிடும் கைகளின் லாகவத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். அவர்களது உழைப்பால் எத்தனையோ யந்திரங்கள் காயலான் கடைக்குப் போகாமல் தப்பியிருக்கின்றன.

விவரமறிந்தவர்கள் பழைய பிரிண்டரை வாங்குமுன், அது எத்தனை பக்கம் ஓடியிருக்கிறது என்பதை யந்திரமே அச்சிட்டுத் தரும் விவரத்தாளில் பார்த்துக்கொள்வார்கள். பிறகு சூடாறாத அத்தாளின் எழுத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பார்கள். பொடி விரலில் ஒட்டினால் சூட்டால் அதைத் தாளில் பதிக்கும் ஃபியூசர் தளர்ந்துவிட்டது என்று கண்டு, அதை மாற்றும் செலவைக் கழித்தே விலை பேசுவார்கள்.