ஓடும் வீடும் ஒழுகும் கூரையும்

போன செமஸ்டரில் வணிகச் சட்டம் பாடத்துக்காக 'கேவியட் எம்ப்டர்' கொள்கையை உருப்போட்டேன். வாங்குகிறவன்தான் உஷாராக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். விற்பனைப் பொருள் சட்டம் 1930, பிரிவு 16. மார்க் வாங்கியாச்சு. அதே மாதம் ஒரு பழைய பைக்கை வாங்கி, இரண்டாவது வாரமே இன்ஜினைப் பிரிக்க வேண்டி வந்தது! விற்றவர் பளபளவென்று துடைத்து நிறுத்தியிருந்தார். நான் பளபளப்பை மட்டும் பார்த்தேன்.

அந்த எரிச்சலில் எதையெதையோ தேடிப் படித்தபோது சிக்கியதுதான் அமெரிக்க மோட்டார் ஹோம் வரலாறு. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள ஓடும் வீடு. ஒரே ஆள் ஒரே நேரத்தில் வண்டியும் வாங்குகிறார், வீடும் வாங்குகிறார். அப்படியென்றால் ஏமாறுவதற்கும் இரண்டு வழி உண்டு. முதல்முறை வாங்குகிறவர்களுக்கு அங்கே சொல்லப்படும் சோதனைகள் சிலவற்றுக்குப் பின்னால் ஒரு பழைய கதையே இருக்கிறது.

முதலில் கூரையும் சுவரும். 1958-ல் அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி என்ற சின்ன ஊரில் ஒரு டிரெய்லர் தொழிற்சாலை வந்தது. அதைப் பிறகு வளர்த்தெடுத்தவர் ஜான் ஹேன்சன் என்ற உள்ளூர் ஃபர்னிச்சர் வியாபாரி. அதுதான் வின்னபேகோ நிறுவனம். நடுவில் ஃபோம் வைத்து, இருபுறமும் தகடு ஒட்டிய சாண்ட்விச் சுவரை அவர்கள் பயன்படுத்தினார்கள். எடையும் குறைவு, செலவும் குறைவு. 1966-ல் மோட்டார் ஹோம் தயாரிப்பில் இறங்கி, வசதியானவர்களின் பொருளை நடுத்தரக் குடும்பத்துக்குக் கொண்டு வந்தார்கள். ஆனால் ஒட்டிச் செய்த சுவர் யார் செய்ததாக இருந்தாலும் அதற்குப் பொதுவான எதிரி ஒன்று உண்டு, தண்ணீர். கூரை இணைப்பில் மயிரிழை விரிசல் போதும். வெளியே பெயிண்ட் மின்னும், உள்ளே மரம் உளுத்துப் போகும். அதனால்தான் ஜன்னல் ஓரங்களையும் அலமாரி மூலைகளையும் விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். மெத்தென்று உள்ளே போனாலோ, பூஞ்சை வாடை வந்தாலோ, ஒரே ஒரு மூலைக்கு மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தாலோ நகர்ந்துவிடலாம்.

இரண்டாவது, இன்ஜினும் உதிரி பாகங்களும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் ஜிஎம்சி மோட்டார் ஹோமை 1973 மாடலாகக் கொண்டு வந்தது. முன்சக்கர இயக்கம், தாழ்வான தளம், 7.5 லிட்டர் இன்ஜின். அதே வருடம் அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்தன. பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது, மோட்டார் ஹோம் விற்பனை சரிந்தது. சுமார் 12,900 வண்டிகளோடு 1978-ல் ஜிஎம்சி கடையைக் கட்டியது. வைத்திருந்தவர்கள் சங்கம் அமைத்துப் பாகங்களைத் தேட வேண்டியதாயிற்று. ஆகவே வண்டி எப்படி ஓடுகிறது என்பதோடு, பாகம் எங்கே கிடைக்கும் என்பதையும் கேட்க வேண்டும்.

மூன்றாவது டயர். இந்த வண்டிகள் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் சும்மா நிற்பவை. டயர் தேய்ந்திருக்காது, ஆனால் ரப்பர் கிழடு தட்டியிருக்கும். 2000-லிருந்து டயர் பக்கவாட்டில் உள்ள டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் உற்பத்தித் தேதி. 2318 என்றால் 2018-ன் 23-ஆவது வாரம். அதற்கு முன் மூன்று இலக்கம்தான், எந்தப் பத்தாண்டு என்று கண்டுபிடிப்பதே குழப்பம்!

சரி, ஏமாந்தால் சட்டம் காப்பாற்றாதா? ஓட்டை வண்டியை அமெரிக்கர்கள் 'எலுமிச்சை' என்பார்கள். திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டிக்காக 1982-ல் கனெக்டிகட் மாநிலம் எலுமிச்சைச் சட்டம் போட்டது, மற்ற மாநிலங்கள் தொடர்ந்தன. ஆனால் கலிஃபோர்னியா சட்டத்தில் ஒரு விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 'புதிய மோட்டார் வாகனம்' என்ற விளக்கத்தில் மோட்டார் ஹோமின் சேஸியும் ஓட்டும் பகுதியும் உண்டு, குடியிருக்கும் பகுதி கிடையாது. அதாவது ஒழுகும் கூரைக்குக் கெட்ட கியர்பாக்ஸுக்கு உள்ள அதே பிடி இல்லை. ஓய்வுக்காலச் சேமிப்பைக் கொட்டி வாங்குகிறவருக்கு இது சின்ன விஷயமா?

இங்கேதான் ஜார்ஜ் அகர்லாஃப் ஞாபகம் வருகிறார். 1970-ல் வந்த அவருடைய எலுமிச்சைக் கட்டுரையை அதற்கு முன் மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பின. 2001-ல் நோபல் கிடைத்தது. அவர் சொன்னது எளிது. நல்லது கெட்டது வாங்குகிறவனுக்குத் தெரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் தருவான். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் எலுமிச்சைகள்தான் மிஞ்சும்.

அப்படிப் பார்த்தால், ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய் மணிக்கணக்கில் தட்டிப் பார்ப்பது விற்பவரை அவமானப்படுத்துவது ஆகாது. நேர்மையான விற்பனையாளருக்கு நியாயமான விலை கிடைக்க அது ஒன்றுதான் வழி. பைக் வாங்கும்போது கூச்சப்பட்டுக்கொண்டு நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

இதை எழுதுவதற்கு முன் கீழே இறங்கிப் போய் என் பைக் டயரில் உள்ள நாலு நம்பரைப் பார்த்துவிட்டு வந்தேன். என்ன நம்பர் என்று மட்டும் கேட்காதீர்கள் மக்களே :-)