வில்லுக்கு உகந்த மரங்களும் யூ மரத்தின் வரலாறும்

ஒரே மரக்கட்டையைச் செதுக்கி, அதன் இரு முனைகளையும் நாணால் இணைத்துச் செய்யப்படுவது ஒற்றைக்கட்டை மரவில் ஆகும். மத்திய ஆசியாவிலும் மேற்காசியாவிலும் கொம்பு, விலங்கு நரம்பு, மரம் ஆகியவற்றை ஒட்டிச் செய்த கூட்டு விற்கள் புகழ்பெற்றிருந்தன. ஆனால் ஐரோப்பாவின் வடக்கு, மேற்குப் பகுதிகளிலும் வட அமெரிக்காவின் பல பகுதிகளிலும் ஒற்றைக்கட்டை வில்லே நெடுங்காலம் வழங்கியது. அத்தகைய வில்லின் தரம் பெரும்பாலும் மரத்தின் தரத்தைப் பொறுத்தது. இக்கட்டுரை வில்லுக்குச் சிறந்தவை எனப் பெயர்பெற்ற சில மரங்களைப் பற்றியும், அவற்றுள் தலைசிறந்த யூ மரம் அந்தப் பெருமையாலேயே அழிவைச் சந்தித்த வரலாற்றைப் பற்றியும் கூறுகிறது.

வில்லுக்கு ஏன் எல்லா மரமும் உதவாது?

முருங்கைக் கொம்பை வளைத்தால் பட்டென்று முறிந்துவிடும். புளியம் விளாரை வளைத்தால் முறியாமல் வளைந்து கொடுக்கும். ஆனால் வில்லுக்கு வளைந்து கொடுத்தால் மட்டும் போதாது. வளைத்த விசை முழுவதையும் தன்னுள் தேக்கிவைத்து, நாணை விட்டவுடன் விரைந்து பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்.

வில்லை வளைக்கும்போது அதன் இரு பக்கங்களிலும் எதிரெதிரான இரு செயல்கள் நடக்கின்றன. இலக்கை நோக்கிய வெளிப்பக்கம் இழுபடுகிறது. எய்பவரை நோக்கிய உட்பக்கம் நசுங்குகிறது. வெளிப்பக்க நார்கள் இழுப்பைத் தாங்காவிட்டால் வில் முறியும். உட்பக்கம் நசுக்கலைத் தாங்காவிட்டால் வில் வளைந்தபடியே நின்று வலுவிழக்கும். இவ்விரண்டையும் ஒருங்கே தாங்கும் மரங்கள் சிலவே.

தொல்பழங்கால விற்கள்

டென்மார்க்கின் ஹோல்மகார்ட் என்னும் சதுப்பு நிலத்தில் 1944 ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட விற்கள் ஏறத்தாழ 9,000 ஆண்டுகள் பழமையானவை. அவை எல்ம் மரத்தால் ஆனவை. எல்ம் மரத்தின் நார்கள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் அது எளிதில் பிளக்காது.

1991 ஆம் ஆண்டு ஆல்ப்ஸ் மலையில், ஆஸ்திரிய இத்தாலிய எல்லையருகே, பனியில் உறைந்த மனித உடல் ஒன்று கிடைத்தது. ஏட்சி என அழைக்கப்படும் அம்மனிதர் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவரருகே ஆளுயரத்தை விஞ்சிய, சுமார் 1.8 மீட்டர் நீள வில் ஒன்று இருந்தது. அது யூ மரத்தில் செதுக்கப்பட்டு இன்னும் முடிக்கப்படாத வில். அவருடைய செப்புக் கோடரியின் கைப்பிடியும் யூ மரமே. எந்த வேலைக்கு எந்த மரம் என்ற அறிவு அக்காலத்திலேயே முதிர்ந்திருந்ததை இது காட்டுகிறது.

யூ மரம்: ஒரே கட்டையில் இரு குணங்கள்

யூ மரம் (டாக்சஸ் பக்காட்டா) ஊசியிலை போன்ற இலைகளைக் கொண்ட, மிக மெதுவாக வளரும் பசுமைமாறா மரம். விதையைச் சூழ்ந்துள்ள சிவந்த சதையைத் தவிர அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு.

இம்மரத்தின் குறுக்குவெட்டில் இரு நிறங்கள் தெளிவாகத் தெரியும். வெளியே மெல்லிய வளையமாக வெண்மை கலந்த சாற்றுக்கட்டை. உள்ளே செம்பழுப்பு நிற வைரக்கட்டை. சாற்றுக்கட்டை இழுப்பை நன்கு தாங்கும். வைரக்கட்டை நசுக்கலை நன்கு தாங்கும். எனவே வில் செய்வோர் இரண்டும் சேர்ந்திருக்குமாறு கட்டையைப் பிளந்து, வெளிர்நிறப் பகுதி இலக்கை நோக்கியும் செந்நிறப் பகுதி எய்பவரை நோக்கியும் அமையுமாறு செதுக்கினர். கூட்டு வில் செய்வோர் நரம்பையும் கொம்பையும் ஒட்டிப் பெற்ற பயனை, யூ மரம் ஒட்டு வேலை எதுவுமின்றி இயற்கையாகவே தந்தது. யூ வில்லின் அழகாகப் பலரும் வியக்கும் அந்த இரு நிறக் கோடு, உண்மையில் அதன் ஆற்றலின் அடையாளம்.

ஆயினும் அழகில்லாத வில்லும் வலிமை குன்றியது அல்ல. 1188 ஆம் ஆண்டு வேல்சு நாட்டில் பயணம் செய்த ஜெரால்டு என்னும் குருவானவர், அந்நாட்டார் எல்ம் மரத்தால் செய்த விற்கள் கரடுமுரடானவை, ஆனால் மிக வலியவை என்று எழுதியுள்ளார். அவர்கள் எய்த அம்புகள் ஓக் மரக் கதவில் நான்கு விரற்கடை ஆழத்துக்குப் பாய்ந்தனவாம்.

இங்கிலாந்தின் நெடுவில்

14, 15 ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே நடந்த போர்களில் ஆளுயர நெடுவில் பெரும் பங்கு வகித்தது. கிரெசி (1346), புவாத்தியே (1356), அஜின்கோர்ட் (1415) ஆகிய போர்களில் ஆங்கிலேயரின் வெற்றிக்கு வில்லாளர் படை முக்கியக் காரணம்.

அந்த விற்கள் எப்படி இருந்தன என்பதற்குச் சிறந்த சான்று கடலடியில் கிடைத்தது. எட்டாம் ஹென்றி மன்னரின் மேரி ரோஸ் என்னும் போர்க்கப்பல் 1545 ஜூலை 19 அன்று போர்ட்ஸ்மவுத் அருகே மூழ்கியது. 1982 இல் கப்பலின் எஞ்சிய பகுதி மேலே கொண்டுவரப்பட்டது. அதிலிருந்து 172 விற்களும் 3,500 க்கும் மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. விற்கள் அனைத்தும் யூ மரம். அம்புகள் பெரும்பாலும் பாப்லர் மரம். இவ்விற்களை முழுவதும் இழுக்க 100 முதல் 185 பவுண்டு வரை விசை தேவைப்பட்டிருக்கும் என ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அதாவது 45 முதல் 84 கிலோ எடையைத் தூக்குவதற்கு ஒப்பான விசை.

அதே 1545 ஆம் ஆண்டில்தான் ரோஜர் ஆஸ்கம் என்ற அறிஞர் வில்வித்தை பற்றிய 'டாக்சோபிலஸ்' என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். எல்ம், ஆஷ் முதலிய மரங்கள் வில்லுக்குத் தாழ்ந்தவை, யூ மரமே சிறந்தது என்பது அவர் தீர்ப்பு.

சட்டங்களும் வணிகமும்

இங்கிலாந்தில் யூ மரங்கள் உண்டு. குறிப்பாகத் தேவாலய வளாகங்களில் மிகப் பழைய மரங்களை இன்றும் காணலாம். ஆனால் அவற்றில் பல முறுக்கும் கணுவும் உள்ளவை. நீண்ட வில்லுக்கு நேரான, கணுவற்ற கட்டை வேண்டும். குளிர்ந்த மலைப்பகுதிகளில் மெதுவாக வளர்ந்த மரத்தின் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருப்பதால் அதையே வில் செய்வோர் விரும்பினர். ஆகவே ஆல்ப்ஸ் பகுதி, இத்தாலி, ஸ்பெயின் முதலிய இடங்களிலிருந்து வில்கட்டைகள் இறக்குமதி செய்யப்பட்டன.

தட்டுப்பாடு ஏற்பட்டபோது அரசு சட்டத்தின் துணையை நாடியது. 1472 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெனிஸ் முதலிய இடங்களிலிருந்து வரும் வணிகக் கப்பல்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில்கட்டைகள் கொண்டுவர வேண்டும். 1484 இல், இறக்குமதியாகும் குறிப்பிட்ட வகைத் திராட்சை மதுவின் ஒவ்வொரு பீப்பாய்க்கும் பத்துக் கட்டைகள் என்று மற்றொரு சட்டம் வந்தது. முன்பு 2 பவுனுக்குக் கிடைத்த நூறு கட்டைகளின் விலை 8 பவுனாக உயர்ந்துவிட்டது என்பது அப்போது எழுந்த முறையீடு.

எட்டாம் ஹென்றியின் காலத்துச் சட்டம் ஒன்று, வசதியான குடும்பத்தினரைத் தவிர 17 வயதுக்குட்பட்ட எவரும் யூ வில்லைப் பயன்படுத்தக் கூடாது என்றது. வில் செய்வோர் யூ விற்களோடு எல்ம், ஆஷ் மரங்களிலும் விற்கள் செய்தாக வேண்டும் என்றும் விதித்தது. சிறுவர்களின் பயிற்சிக்கு மட்டமான மரம், போருக்கு மட்டுமே யூ என்று பங்கிடும் அளவுக்குப் பற்றாக்குறை முற்றியிருந்தது.

காடுகள் வெறுமையான கதை

வில்கட்டை வணிகத்தில் பெரும் இலாபம் இருந்தது. பவேரியா, ஆஸ்திரியா பகுதிகளில் யூ மரம் வெட்டி விற்கும் தனியுரிமையை வணிகர்கள் ஆட்சியாளர்களிடமிருந்து பணம் கொடுத்துப் பெற்றனர். ஆட்சியாளர்களுக்கோ அது நல்ல வருவாய்.

1507 ஆம் ஆண்டிலேயே புனித ரோமப் பேரரசர், யூ மரம் வெட்டுவதை நிறுத்துமாறு பவேரியக் கோமகனைக் கேட்டுக்கொண்டார். ஆனால் வருவாயை இழக்க யாருக்கு மனம் வரும்? வெட்டுதல் தொடர்ந்தது. 1532 இல் அளிக்கப்பட்ட ஓர் உரிமத்தில், வழக்கமான எண்ணிக்கை 'அத்தனை மரங்கள் இருந்தால்' என்ற நிபந்தனையுடன் குறிக்கப்பட்டது. எத்தனை மரம் மிச்சம் என்பது உரிமம் கொடுத்தவருக்கே ஐயமாகிவிட்டது. 1562 இல் பவேரிய அரசே, வெட்டுவதை நிறுத்த வேண்டும் என்று பேரரசரிடம் முறையிட்டது. யூ மரங்களை மட்டும் தேடி வெட்டியதால் சுற்றியிருந்த மற்ற மரங்களும் காற்றில் சாய்ந்தன என்பது அம்முறையீட்டில் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

தேக்கு நட்டு அடுத்த தலைமுறை அறுப்பதைப் போல யூ மரத்தை எண்ணக் கூடாது. மலைநிழலில் வளரும் யூ, வில்லுக்குத் தக்க பருமனை அடையப் பல தலைமுறைகள் ஆகும். வெட்டும் வேகத்துக்கும் வளரும் வேகத்துக்கும் பொருத்தமே இல்லை.

1595 இல் இங்கிலாந்து அரசவை, பயிற்சிப் படையினர் வில்லைக் கைவிட்டுத் துப்பாக்கி ஏந்த வேண்டும் என ஆணையிட்டது. வில்லுக்குப் போர்க்களத்தில் இடம் போனது. அதற்குள் மத்திய ஐரோப்பியக் காடுகளில் யூ அரிய மரமாகிவிட்டது. ஜெர்மனியில் காட்டு யூ இன்று சட்டப் பாதுகாப்புப் பெற்றுள்ளது.

ஓசேஜ் ஆரஞ்சு

அட்லாண்டிக்கின் மறுகரையில், வட அமெரிக்கப் பழங்குடியினர் பெரிதும் போற்றிய மரம் ஓசேஜ் ஆரஞ்சு (மக்லூரா போமிஃபெரா). பெயரில் ஆரஞ்சு இருந்தாலும் இது நம் பலா, ஆல், முசுக்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா மாநிலங்கள் கூடும் பகுதியே இதன் தாயகம்.

புதிதாகப் பிளந்த கட்டை மஞ்சள் கிழங்கைப் போன்ற நிறத்தில் இருக்கும். வெயில் படப்பட ஆழ்ந்த பழுப்பாக மாறும். யூ மரத்துக்கு மாறாக, இதில் வெளிர்நிறச் சாற்றுக்கட்டையைப் பெரும்பாலும் செதுக்கி நீக்கிவிடுவார்கள். வைரக்கட்டையின் ஒரே ஆண்டு வளையம் முனைக்கு முனை அறுபடாமல் வெளிப்பக்கமாக அமைய வேண்டும். அந்த வளையம் எங்காவது வெட்டுப்பட்டால் வில் அங்கேயே பிளக்கும். 1810 வாக்கில் வட அமெரிக்காவில் பயணம் செய்த இயற்கை ஆய்வாளர் ஜான் பிராட்பரி, இம்மரத்தாலான வில்லின் விலை ஒரு குதிரையும் ஒரு கம்பளியும் என்று குறித்துள்ளார்.

இம்மரத்துக்கு யூ மரத்தின் கதி நேரவில்லை. முட்கள் நிறைந்த இதனைக் குடியேறிய உழவர்கள் வேலிக்காக ஆயிரக்கணக்கான மைல் தூரம் நட்டுப் பரப்பினர். 1870களில் முள்கம்பி வந்த பிறகும், எளிதில் உளுத்துப்போகாத வேலிக்கால்களுக்காக இம்மரம் விரும்பப்பட்டது.

மரத்தின் பெயரே வில்லின் பெயர்

ஓசேஜ் ஆரஞ்சைப் பிரெஞ்சுக்காரர்கள் 'புவா தார்க்' என்றனர். 'வில்மரம்' என்பது அதன் பொருள். பழைய நார்ஸ் மொழியில் 'ஈர்' என்ற ஒரே சொல் யூ மரத்தையும் வில்லையும் குறித்தது. தமிழிலும் 'சிலை' என்ற சொல்லுக்கு வில் என்றும் ஒருவகை மரம் என்றும் அகராதிகள் பொருள் தருகின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நாடுகளில் மக்கள் மரத்தையும் வில்லையும் ஒன்றாகவே கண்டனர்.

யூ மரத்தின் இரண்டாம் சோதனை

20 ஆம் நூற்றாண்டில் வரலாறு திரும்புவது போலத் தோன்றியது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து டாக்சால் என்ற பொருள் பிரிக்கப்பட்டது. மன்றோ வால், இந்தியாவில் பிறந்த மன்சுக் வானி ஆகியோர் அதன் வேதியமைப்பை 1971 இல் வெளியிட்டனர். 1992 இல் சூலகப் புற்றுநோய்க்கான மருந்தாக அமெரிக்காவில் அது ஒப்புதல் பெற்றது. ஆனால் பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். நோயாளிகளுக்கு மருந்தா, காட்டுக்கு மரமா என்ற கேள்வி எழுந்தது. நம் இமயமலை யூ மரமும் இலைக்காகவும் பட்டைக்காகவும் அளவுக்கு மீறிச் சுரண்டப்பட்டு, அருகிவரும் மரங்களின் பட்டியலில் சேர்ந்தது.

இம்முறை அறிவியல் ஒரு வழி கண்டது. ஐரோப்பிய யூ மரத்தின் இலைகளில் உள்ள ஒரு பொருளைக் கொண்டு அம்மருந்தைத் தயாரிக்க முடிந்தது. இலை கொய்தால் மரம் சாவதில்லை, மறுபடியும் துளிர்க்கும். 16 ஆம் நூற்றாண்டில் வில் கேட்டவர்கள் மரத்தின் உயிரையே கேட்டார்கள். இன்று அதே மரம் வேலித்தழையாகக் கத்தரிக்கப்பட்டு, உயிரோடு நின்றபடியே மருந்து தருகிறது.