கிளட்ச் ஆயில் குழாய் மாற்றுதல் (பழைய ஃபோர்டு ரேஞ்சர்)

கிளட்ச் பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரிலிருந்து, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்கு பிரேக் ஆயிலைக் கொண்டுசெல்லும் மெல்லிய அழுத்தக் குழாயே கிளட்ச் ஆயில் குழாய். பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டாலோ, ரிவர்ஸ் கியர் கரகரவென்று அரைத்துக்கொண்டு விழுந்தாலோ, பழி முதலில் கிளட்ச் பிளேட்டின் மேல்தான் போகும். பிளேட் நன்றாகவே இருக்க, குழாயின் இணைப்பில் கசிந்த சில சொட்டு ஆயிலே காரணமாக இருப்பதுண்டு.

அடைபட்ட நீர்மம் தன்மேல் விழும் அழுத்தத்தை எல்லாத் திசைக்கும் குறையாமல் கடத்தும் என்ற பாஸ்கலின் விதியே இந்தக் குழாய்க்கு அடிப்படை. அந்த விதி, அவர் இறந்த மறு ஆண்டான 1663-இல் அச்சேறியது. அதைப் பயன்படும் பொறியாக்கியவர் இங்கிலாந்தின் ஜோசஃப் பிராமா. அவருடைய நீரழுத்தப் பொறிக்கு 1795-இல் காப்புரிமை கிடைத்தது. மோட்டார் வண்டிக்கு அதைக் கொண்டுவந்த பெருமை அமெரிக்கரான மால்கம் லாக்ஹீடையே சேரும். விமானத் தொழிலில் பெயர்பெற்ற லாக்ஹீட் சகோதரர்களில் ஒருவர் இவர். 1921-இல் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக்குடன் வந்தது. 1924-இல் கிரைஸ்லர் அதை நடுத்தர விலைக் காருக்கு இறக்கியது. லாக்ஹீடின் தோல் வளையங்கள் கசிந்ததால் கிரைஸ்லர் பொறியாளர்கள் ரப்பர் கப்புகளைப் பொருத்தினார்கள். இந்த அமைப்பை நம்பத்தக்கதாக்கியது அந்த மாற்றம்தான். அக்காலத்து பிரேக் ஆயில் ஆமணக்கு எண்ணெயும் ஆல்கஹாலும் சேர்ந்த கலவை.

கிளட்சுக்கு இந்த வசதி பிந்தியே பரவியது. பிக்கப்களில் நெடுங்காலம் கம்பிகளும் நெம்புகோல்களுமே பெடலின் வேலையைக் கடத்தின. மூட்டுகள் தேயத் தேய பெடல் ஆட்டம் கண்டது. குழாய்க்கு அந்தத் தொல்லை இல்லை. அது எப்படி வேண்டுமானாலும் வளைந்து போகும், எஞ்சின் குலுங்கினாலும் பொருட்படுத்தாது.

ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பில் 1988 முதல் வந்த, மாஸ்டா தயாரித்த ஐந்து கியர் எம்5ஓடி கியர்பாக்ஸில் ஸ்லேவ் சிலிண்டர் வளைய வடிவில், கிளட்சை மூடும் கூடான பெல் ஹவுசிங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். குழாய்க்கு அவ்வளவு பாடு இல்லை. பெல் ஹவுசிங்கின் பக்கவாட்டில் குழாய் நுழையும் இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் வளையம் ஒன்று தெரியும். லாட வடிவக் கருவியால் அதை உள்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தால் குழாய் கழன்றுவிடும். வளையத்தை அழுத்தாமல் வெறுமனே இழுத்தால் எத்தனை பலம் கொடுத்தாலும் வராது. புதிய குழாய் ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்ளும். பூட்டியதை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட வேண்டும். ஸ்லேவில் கசிவு இல்லாதவரை குழாயை மட்டும் மாற்றினால் போதும்.

கஷ்டம் தொடங்குவது காற்றை வெளியேற்றும்போதுதான். ஒரு மிதியில் நகரும் ஆயில் மிகக் கொஞ்சம். ஒரு சிறு குமிழி உள்ளே நின்றாலும் கால் கொடுத்த அழுத்தம் அதைச் சுருக்குவதிலேயே கரைந்துபோகும். ரேஞ்சரின் மாஸ்டர் சிலிண்டரோ முன்முனை மேல்நோக்கிச் சாய்ந்தபடி பொருத்தப்பட்டது. காற்று அந்த மேட்டில் போய்ப் பதுங்கிக்கொள்ளும், கீழே ஸ்லேவின் பிளீடரை (காற்று வெளியேற்றும் திருகை) திறந்து எத்தனை முறை பெடலை மிதித்தாலும் அசையாது. சரியான வழி, சிலிண்டரைக் கழற்றி, முன்முனை தாழும்படி சாய்த்துப் பிடித்து, தள்ளுகோலை மெதுவாக அழுத்தி விடுவது. குமிழிகள் மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பாவுக்கு ஏறிவிடும். பிறகு பிளீடரைத் திறந்து ஆயிலைத் தானாக வழியவிடலாம். அதற்குள் டப்பா வற்றிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஊற்ற வேண்டியது டாட் 3 பிரேக் ஆயில். மினரல் எண்ணெய் தவறி விழுந்தாலும் ரப்பர் கப்புகள் ஊதிப் பாழாகும். டாட் 3 காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸாக இருக்க வேண்டிய கொதிநிலைக்கு, ஈரமேறிய நிலையில் தரநிலை கேட்பது 140 டிகிரிதான். அதனால் பாதி தீர்ந்து மாதக்கணக்கில் கிடந்த பிரேக் ஆயில் பாட்டிலைத் தொடக்கூடாது. பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும், விட்டால் உரித்துவிடும்.

வட அமெரிக்காவில் 2011-இல் நின்ற ரேஞ்சர், 2019-இல் பத்து கியர் ஆட்டோமேட்டிக்குடன் மட்டுமே திரும்பி வந்தது; அதில் இந்தக் குழாய்க்கு வேலை இல்லை.