பிரிண்டரில் ஓடும் டூம், அழிந்துபோன வாப்பாவின் மெயில்கள்



போன கிழமை தரம் 10இல் வெளியீட்டுச் சாதனங்கள் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழும்பி, "சேர், பிரிண்டர்ல கேம் விளையாடலாம், தெரியுமா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவன் சொல்வது உண்மை என்று நான் சொன்னதும் சிரிப்பு நின்றது. அதற்குள் மணியடித்துவிட்டது. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் இங்கே இருக்கிறீர்கள். மிச்சக் கதையை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

2014இல் மைக்கல் ஜோர்டன் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் (கூடைப்பந்துக்காரர் அல்ல, இவர் வேறு) கெனன் பிக்ஸ்மா பிரிண்டர் ஒன்றுக்குள் வலையமைப்பு வழியாகப் புகுந்தார். அதன் உள்மென்பொருளை மாற்றி, பிரிண்டரின் சின்னத் திரையில் டூம் என்ற பழைய விளையாட்டை ஓடவிட்டு, லண்டனில் ஒரு மாநாட்டில் காட்டினார். விளையாடுவது அவருடைய நோக்கமல்ல. வீட்டில் ஒரு மூலையில் கிடக்கும் பிரிண்டருக்குள் அந்நியன் ஒருவன் நுழையலாம் என்று அறிக்கை எழுதினால் எத்தனை பேர் வாசிப்பார்கள்? அதில் விளையாட்டு ஓடினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

டூமை ஏதாவதொரு பொருளில் ஓட்டிக் காட்டுவது இன்று உலகம் முழுக்க ஒரு போட்டி. 2020இல் ஒருவர் கர்ப்பப் பரிசோதனைக் கருவியில் ஓட்டினார். அதில் ஒரு சின்ன ஏமாற்று உண்டு. வெளிக்கூடு மட்டும்தான் பழையது, உள்ளே சிப்பும் திரையும் புதிது. அதே வருடம் இன்னொருவர் கல்குலேட்டருக்கு மின்சாரம் கொடுக்க 100 இறாத்தல் உருளைக்கிழங்கை அவித்து, துண்டு துண்டாக வெட்டி அடுக்கினார். விளையாட்டு ஓடியது. கிழங்கு நாறியதுதான் மிச்சம். 2021இல் ஐக்கியா விளக்கு ஒன்றின் சிப்பில் ஓடியது. அதன் நினைவகம் வெறும் 108 கிலோபைட், திரையை வெளியிலிருந்து பொருத்தினார்கள். 2024இல் ஹஸ்க்வார்னா கொம்பனி தன்னுடைய புல்வெட்டும் ரோபோக்களுக்குத் தானே அதை வெளியிட்டது.

ஆயிரக்கணக்கான பழைய விளையாட்டுகள் இருக்க, ஏன் இது மட்டும்?

1993 டிசம்பர் 10. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இருந்த இட் சொப்ட்வெயார் என்ற சின்னக் கொம்பனி, டூமின் முதல் பாகத்தை விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் சேர்வர் ஒன்றில் இலவசமாகப் போட்டது. காத்திருந்தவர்கள் முன்கூட்டியே உள்ளே நுழைந்து இடத்தை நிரப்பிவிட்டதால், போட வந்தவருக்கே நுழைய வழியில்லை. பொறுப்பாளர் இடத்தைக் கூட்டிக் கொடுத்த பிறகுதான் ஏற்ற முடிந்தது. ஏற்றியதும் வந்த கூட்டத்தில் அந்த வலையமைப்பே விழுந்தது. ஒன்பது கட்டங்கள் இலவசம், மீதி வேண்டுமென்றால் காசு அனுப்ப வேண்டும். கடை இல்லை, விளம்பரம் பெரிதாக இல்லை, கைக்குக் கை பரவியது.

இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தக் காலத்து வேகத்தைச் சொல்ல வேண்டும். சுருக்கிய நிலையில் அது சுமார் இரண்டரை மெகாபைட்.  நொடிக்கு 14,400 பிட் வேக மோடத்தில் இறக்க, லைன் அறுபடாவிட்டாலும் இருபது நிமிடத்துக்கு மேல். வீட்டில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் எல்லாம் போச்சு. அந்த மோடத்தின் கிரீச், கொர்ர் சத்தம் நினைவிருக்கிறதா? இரண்டு மோடங்களும் லைனைச் சோதித்து எந்த வேகத்தில் பேசலாம் என்று ஒப்பந்தம் செய்துகொள்ளும் சத்தம் அது. என்கேஜ் ஆனாலோ, மறுமுனையில் மனிதர் எடுத்துவிட்டாலோ நமக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அதை ஸ்பீக்கரில் விட்டார்கள். இணைப்புக் கிடைத்ததும் ஸ்பீக்கர் வாயை மூடிவிடும்.

டூம் எழுதப்பட்ட விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. அது 386 கணினியில், 4 மெகாபைட் நினைவகத்தில், டொஸ்ஸில் ஓடுவதற்கானது. ஆனால் அதை எழுதியது நெக்ஸ்ட் என்ற முற்றிலும் வேறான கணினிகளில். எழுதும் இயந்திரம் ஒன்று, ஓடும் இயந்திரம் இன்னொன்று. ஆகவே ஜோன் கார்மக், விளையாட்டின் மூளையை சீ மொழியில் ஒரு பக்கமாகவும், திரை, ஒலி, விசைப்பலகை வேலைகளைத் தனிக் கோப்புகளிலும் வைத்தார். புதிய பொருளுக்குக் கொண்டுபோக அந்தச் சிறு பகுதியை மாற்றினால் போதும். தசம எண் கணக்குக்கும் முழு எண்களையே பயன்படுத்தியதால் மலிவான சிப்பும் தாங்கும்.

1997 டிசம்பர் 23இல் அந்த மூல நிரல் முழுவதையும் அவர்கள் வெளியே விட்டார்கள். டொஸ் பதிப்பின் ஒலிப் பகுதி வேறொருவருக்குச் சொந்தம் என்பதால் லினக்ஸ் பதிப்பைக் கொடுத்தார்கள். 1999இல் யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்ற பொது அனுமதியும் வந்தது. அன்று பூட்டி வைத்திருந்தால் இன்று இதுவும் பழைய பிளொப்பியோடு பூஞ்சணம் பிடித்திருக்கும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டூம் பிசாசுகளும் இரத்தமும் நிறைந்த விளையாட்டு. அதை நான் வகுப்பில் போட மாட்டேன், உங்கள் சின்னப் பிள்ளைகளுக்கும் வேண்டாம். நான் விளையாடியிருக்கிறேனா என்றால், 2002இல் மாமி வீட்டில், மச்சானின் பழைய கணினியில், உம்மாவுக்குத் தெரியாமல்.

அதே வருடம்தான் வாப்பா றியாதிலிருந்து மெயில் அனுப்பத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கொமியூனிகேசன் கடைக்குப் போவேன். நிமிடக் கணக்கில் காசு. மோடம் கத்தி முடிந்து பக்கம் திறக்கும்வரை கடைக்காரரின் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவார். நாலு வரிதான் இருக்கும். காசு கிடைத்ததா, மழையா, தங்கச்சி ஓதப் போகிறாளா. அவர் ஊருக்கு வந்து சேர்ந்ததும் அந்தக் கணக்கைத் திறக்க வேலை இருக்கவில்லை. பல வருடம் கழித்து, நான் கல்வியியற் கல்லூரியில் இருந்தபோது, ஒரு நாள் திறந்து பார்த்தேன். நீண்ட காலம் பாவிக்காததால் எல்லாம் நீக்கப்பட்டுவிட்டதாக ஒரு வரி மட்டும் இருந்தது. வாப்பா மௌத்தாகி இப்போது ஆறு வருடம்.

1993இல் யாரோ எழுதிய விளையாட்டு ஒரு விளக்கின் சிப்பில் ஓடுகிறது. என் வாப்பாவின் நாலு வரி எங்கும் இல்லை. அந்த விளையாட்டின் பிரதி ஆயிரம் கைகளில் இருந்தது. வாப்பாவின் வரிகள் ஒரேயோர் இடத்தில், அதுவும் எங்கள் கையில் இல்லாத இடத்தில். குடும்பப் போட்டோக்கள் எல்லாம் ஒரு போனுக்குள் இருப்பவர்கள் இன்றிரவே இன்னோர் இடத்தில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பழுதான பிரிண்டர் வீட்டில் இருந்தால் வீசாமல் பாடசாலைக்குக் கொடுத்தனுப்புங்கள். டூம் ஓட்ட அல்ல, கழற்றிப் பார்க்க.

வாப்பாவின் மெயில்களில் மூன்றை மட்டும் அந்தக் கடையில் பிரிண்ட் எடுத்திருந்தேன். உம்மாவின் அலுமாரியில் இருக்கின்றன. மை மங்கிவிட்டது. உம்மாவுக்கு ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாது. நோன்பு காலத்தில் எப்போதாவது எடுத்துத் தருவா, நான் வாசித்துக் காட்டுவேன்.