வெள்ளி ரூபாய்

வெள்ளி ரூபாய், 1835 முதல் 1940 வரை பிரிட்டிஷ் இந்தியாவில் வழங்கிய முதன்மை நாணயம். எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. அரசர்களின் தலை மாறினாலும் எடையும் மாற்றும் மாறவில்லை.

தோற்றம்

ஷேர் ஷா சூரி (ஆட்சி: 1540–1545) டெல்லியில் ஆண்டபோது ஏறத்தாழ 178 கிரெயினில் வெளியிட்ட ரூபியாவே இதன் முன்னோடி. முகலாயர் அதைத் தொடர்ந்தனர். அவர்கள் பிடி தளர்ந்ததும் வட்டாரத்துக்கு ஓர் அக்கசாலை முளைத்தது. காசு மாற்றும் வணிகர்களான சராப்புகள் வட்டம் (கழிவு) பிடித்துக்கொண்டே ஓர் அக்கசாலையின் காசை மற்றொன்றின் காசாக மாற்றினர். சென்னை மாகாணத்தில் 1818 வரை பொன் வராகனே கணக்குக்கு அடிப்படை. அவ்வாண்டு அங்கு ஏற்கப்பட்ட 180 கிரெயின் ரூபாயை 1835ஆம் ஆண்டு நாணயச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதி முழுவதற்கும் பொதுவாக்கியது. நாணயமே எடைக்கல்லும் ஆனது: ஒரு ரூபாய் எடை ஒரு தோலா, மூன்று தோலா ஒரு பலம்.

வடிவமைப்பு

முதல் நாணயத்தில் நான்காம் வில்லியமின் தலை. பின்புறம் கம்பெனியின் பெயர். 1840இல் விக்டோரியா வந்தார். 1862இல் முடி சூடிய உருவம் பெற்றார். 1877 முதல் ‘ராணி’ என்ற பட்டம் ‘பேரரசி’ ஆயிற்று. 1903இல் வந்த ஏழாம் எட்வர்டுக்குத் தலையில் மகுடமில்லை.

அதிகம் பேசப்படுவது 1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய். பெர்ட்ரம் மெக்கன்னல் வடித்த உருவத்தில், அரசரின் அங்கி மேல் ஒரு சிறு யானை உண்டு. தும்பிக்கை குட்டையாக அமைந்ததால் அது பன்றிபோலத் தெரிந்தது. மக்களிடையே எதிர்ப்பு எழுந்தது. வெளியே போகாத நாணயங்கள் உருக்கப்பட்டன. 1912இல் தும்பிக்கை நீண்டது. சேகரிப்போர் முந்தையதைப் ‘பன்றி ரூபாய்’ என்பர்.

அமெரிக்க வெள்ளி

முதல் உலகப் போரில் வெள்ளி விலை ஏறியதும் ரூபாயைச் செலவழிப்பதைவிட உருக்கி விற்பது லாபமானது. அரசு 1917 நவம்பர் 30இல் ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது. ஆனால் நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டவர்களுக்குக் கொடுக்கக் கையிருப்பு போதவில்லை. பிரிட்டன் அமெரிக்காவை நாடியது. 1918 ஏப்ரலில் நிறைவேறிய பிட்மன் சட்டப்படி அங்கே சுமார் 27 கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 25.9 கோடி டாலர்களின் வெள்ளி, இந்தியாவின் தேவைக்காக அவுன்ஸ் ஒரு டாலர் வீதம் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. பெரும்பாலானவை ஜார்ஜ் மார்கன் வடிவமைத்து 1878 முதல் அச்சான சுதந்திர தேவி டாலர்கள். ஒரு டாலரில் 371.25 கிரெயின் தூய வெள்ளி, ஒரு ரூபாயில் 165. ஆகவே நான்கு டாலர் வெள்ளியில் ஒன்பது ரூபாய் அச்சிடலாம். உருக்கியதை ஈடுசெய்யவே 1921இல் மார்கன் டாலர் மீண்டும் அச்சானது.

முடிவு

இரண்டாம் உலகப் போரில் தட்டுப்பாடு திரும்பியது. 1940இல் வெள்ளி பாதியாகக் குறைந்து செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்தன. அமெரிக்கா 1944 முதல் 22.6 கோடி அவுன்ஸ் வெள்ளியைக் கடனாகத் தந்தது. 1947இல் வந்த நிக்கல் ரூபாயில் வெள்ளியே இல்லை. புழக்கத்திலிருந்து மீட்ட கலப்பு நாணயங்களின் வெள்ளியைக் கொண்டு 1950களில் அந்தக் கடன் அடைக்கப்பட்டது.