பதினொன்றரைப் பவுன்

1913-ஆம் ஆண்டு, கடல் கடந்து கற்கத் துணிந்தார் இருபத்திரண்டு வயது அம்பேத்கர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக் கழகம் தகுதியைக் கேட்டது. கப்பலோ காசைக் கேட்டது! பரோடா மன்னர் சாயாஜிராவ் மாதம் 11½ பவுன் வீதம் மூன்றாண்டு உதவித்தொகை அளித்தார். கைம்மாறு, சமஸ்தானத்தில் பத்தாண்டுப் பணி. மன்னரின் மனத்தைப் போற்றுகிறோம். ஆயினும், ஒருவர் மனமிரங்கினால்தான் மாணவன் கற்கலாம் என்பது முறையா?

1915-இல் முதுகலைப் பட்டம். அடுத்த ஆண்டு இலண்டன். 1917-இல் உதவித்தொகை நின்றது. படிப்பும் பாதியில் நின்றது. ஒப்பந்தப்படி பரோடா திரும்பினார். பதவி கிடைத்தது, தங்க இடம் கிடைக்கவில்லை! கொலம்பியா தந்த பட்டத்தைச் சாதி படித்துப் பார்க்கவில்லை. பணியை விட்டு வெளியேறினார்.

பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார் (அது எத்துணை அரிது என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம்!). கோலாப்பூர் மன்னர் சாகு உதவினார். பார்சி நண்பர் கடன் கொடுத்தார். 1920-இல் மீண்டும் இலண்டன். 1923-இல் அவருக்கு டி.எஸ்சி. பட்டம் பெற்றுத் தந்த ஆய்வின் பொருள், ரூபாய்!